பள்ளிக்கூடத்தோடு பெற்றோர் கைகோப்பது எப்படி? ஜூன் முதல் ஏப்ரல் வரை, படிப்படியாக

குடியாத்தம் பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில்தான் என் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள். 2022இல் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது நானும் ஒரு உறுப்பினரானேன், இரண்டு வருடம் இருந்தேன். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பதால் ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மாக்களைவிட எனக்கு நேரம் கொஞ்சம் வசதி, அதனால் பள்ளிக்கும் வீடுகளுக்கும் நடுவே தூது போகிற வேலை பாதி நாள் என் தலையில்தான் விழும். அப்படிப் போய்வந்ததில் ஒன்று புரிந்தது. அக்கறை எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது, வரிசைதான் தப்பிப்போகிறது. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, அப்புறம் டீச்சர் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

என் தப்பையே முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நோட்டில் இரண்டு வாரமாகத் திருத்தமே இல்லை. காலையில் நேரே போய், பிரேயருக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே டீச்சரிடம் சத்தம் போட்டேன். அவரை நேரில் பார்ப்பதே அன்றுதான் முதல் தடவை. பக்கத்து வகுப்பு டீச்சர் நீண்ட விடுப்பில் போய்விட்டார், இவர் ஒருவரே இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்காரவைத்துச் சமாளிக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நோட்டில் திருத்தம் வர ஆரம்பித்தது, ஆனால் அந்த வருடம் முழுக்கக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார். என் பெண் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறாள் என்பதை அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.

கீழே இருப்பது அரசுப் பள்ளியை மனதில் வைத்து எழுதியது. உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என்றால் எது மாறும் என்பது எட்டாம் பகுதியில் இருக்கிறது.

தொடங்கும் முன்: கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் பிள்ளையின் எமிஸ் எண், வகுப்பு, பிரிவு, வகுப்பு ஆசிரியர் பெயர், தலைமை ஆசிரியர் பெயர், பள்ளியின் போன் எண். எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு. எமிஸ் எண் எதற்கு என்றால், பள்ளி மாறினாலும் பிள்ளையோடு கூடவே போகிற எண் அது, உதவித்தொகை என்றாலும் டி.சி. என்றாலும் அதைத்தான் முதலில் தேடுவார்கள். அடுத்த பக்கத்திலிருந்து தேதி போட்டு, டீச்சரிடம் என்ன பேசினோம் என்று இரண்டு வரி. எழுத வராதவர்கள் பிள்ளையையே எழுதச் சொல்லலாம், தப்பில்லை.

அடுத்தது போன் எண். இதில்தான் நிறைய வீடுகள் கோட்டைவிடுகின்றன. சேர்க்கையின்போது கொடுத்த எண் ரீசார்ஜ் போடாமல் செத்துப்போயிருக்கும், அல்லது பெங்களூரில் வேலை செய்கிற அப்பாவின் எண்ணாக இருக்கும். பள்ளியிலிருந்து வரும் குறுஞ்செய்தியும் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பகல் பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்களோ அவர்கள் எண்தான் பள்ளியில் இருக்க வேண்டும். நீங்கள் கம்பெனியில் இருப்பீர்கள், உள்ளே போன் எடுத்துப்போக விடமாட்டார்கள் என்றால், இரண்டாவது எண்ணாக ஆயா வீட்டு எண்ணையோ பக்கத்து வீட்டு எண்ணையோ கொடுத்துவிட்டு, அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, உங்கள் நேரம். எந்த நாள், எத்தனை மணிக்கு உங்களால் நிஜமாக வர முடியும் என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பீடி சுற்றுகிற வீட்டில் கட்டு கொண்டுபோய்க் கொடுக்கிற நாள் ஒன்று இருக்கும், அன்றைக்கு எதுவும் நடக்காது. "எப்ப வேணா வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதைவிட, "சனிக்கிழமை பள்ளி வெச்சா வரேன், இல்லன்னா மாசத்துல ஒரு நாள் பர்மிஷன் போட்டுட்டு வரேன்" என்று சொல்வது மரியாதை.

1. முதல் தடவை, குறை எதுவும் இல்லாதபோது போங்கள்

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் வேண்டாம். புத்தகம், சீருடை, சேர்க்கை என்று தலைக்கு மேல் வேலை இருக்கும். இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ போங்கள்.

நேரம் முக்கியம். காலை வேளை ஆகாது. ஒன்று முதல் ஐந்து வரை பிள்ளைகளுக்குக் காலை உணவு இருப்பதால் நிறையப் பேர் எட்டேகால், எட்டரைக்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, அப்படியே நின்று டீச்சரைப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். டீச்சர் வந்து இறங்கும்போதே பிரேயர் மணி அடித்துவிடும். மாலை பள்ளி விட்ட பிறகுதான் சரி. ஆனால் அதிலும் ஒன்று இருக்கிறது: நம் பக்கத்துப் பள்ளிகளில் பாதி டீச்சர்கள் வேலூர், காட்பாடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது முக்கால் மணி நேரம் கழித்துத்தான். முதல் நாளே பிள்ளையிடம் ஒரு சீட்டு கொடுத்தனுப்பி, "நாளைக்கு ஐந்து நிமிஷம் பார்க்கலாமா, உங்க பஸ் எத்தனை மணிக்கு" என்று கேட்டுவிட்டுப் போனால், அந்த ஐந்து நிமிடம் நிம்மதியாகக் கிடைக்கும்.

போனதும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "டீச்சர், நான் இன்னாரோட அம்மா. குறை சொல்ல வரலை. உங்களைப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்." இதைக் கேட்டு ஒரு டீச்சர் என்னைச் சந்தேகமாகப் பார்த்ததும் உண்டு. அவர்களைத் தேடி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சண்டைக்கோ கையெழுத்துக்கோ வருகிறவர்கள், பாவம்.

ஏன் இதை முதலில் வைக்கிறேன் என்றால், பின்னால் ஒரு பிரச்சினை வரும்போது நீங்கள் தெரிந்த முகமாக இருப்பீர்கள். அதே கேள்வியைத் தெரிந்த முகம் கேட்டால் அக்கறை, தெரியாத முகம் கேட்டால் குற்றச்சாட்டு.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: வருடத்தில் ஒரு தடவையாவது நீங்கள் போங்கள். "எல்லாம் அவதான் பாத்துக்குறா" என்று ஒதுங்கினால், வீட்டில் படிப்பு என்பது அம்மா பாடு என்று பிள்ளையும் எடுத்துக்கொள்ளும்.

2. டீச்சருக்குத் தெரியாததைச் சொல்லுங்கள்

முதல் சந்திப்பில் "எப்படிப் படிக்கிறான்" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். மூன்று வாரத்தில் அவருக்கு என்ன தெரியும்? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம், உருது பேசுகிறோம் என்பது சொல்ல வேண்டிய தகவல். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் இது சாதாரணம், ஆனால் புதிதாக மாறுதலில் வந்த டீச்சருக்கு இந்தப் பிள்ளை ஏன் தமிழில் வாய் திறக்க யோசிக்கிறது என்பது தெரியாது, மந்தம் என்று நினைத்துவிடுவார். பிள்ளைக்கு வலது காது சரியாகக் கேட்காது, தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிகிறது, இரவில் சரியாகத் தூங்குவதில்லை, அப்பா பட்டாளத்தில் இருக்கிறார், பிள்ளை வளர்வது தாத்தா ஆயாவிடம் என்பதெல்லாம் டீச்சருக்கு வேலைக்கு ஆகும் தகவல்.

சொல்ல வேண்டாதவை: குடும்பச் சண்டை விவரம், கடன், மற்ற பிள்ளைகளைப் பற்றிய வம்பு. அப்புறம், "நல்லா அடிங்க டீச்சர், கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்க" என்று சொல்கிற பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து சொல்லாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடைசெய்கிறது, நீங்கள் அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது. பிள்ளை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

3. தகவல் போய்வர ஒரே ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்

டைரியா, போனா, வாட்ஸ்அப்பா? டீச்சருக்கு எது தோது என்று அவரையே கேளுங்கள், அதைவிட்டு மாறாதீர்கள். மூன்றிலும் அனுப்பினால் மூன்றிலும் தவறிப்போகும்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. காலையில் பூங்கொத்து, சாமி படம், நடுவில் யாரோ அனுப்பிய புடவை விற்பனை, அதற்குள் "நாளை தடுப்பூசி, சம்மதக் கடிதம் கொண்டுவரவும்" என்ற ஒரு வரி புதைந்துபோகும். எங்கள் குரூப்பில் ஒரு தடவை பதினோரு பிள்ளைகள் கடிதம் இல்லாமல் போய் நின்றார்கள். அதற்குப் பிறகு குரூப்பில் டீச்சர் மட்டும்தான் பதிவு போடலாம் என்று அமைப்பை மாற்றச் சொன்னோம், பெற்றோர் பேசிக்கொள்ள வேறு குரூப். இரண்டே நிமிட வேலை.

தனியாக டீச்சருக்கு அனுப்பும்போது இரவு எட்டு மணிக்கு மேல் வேண்டாம். "ஹாய் மேம்" என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பெயர், வகுப்பு, விஷயம் மூன்றும் ஒரே செய்தியில் இருக்கட்டும்: "வணக்கம் டீச்சர். நாலாம் வகுப்பு இன்னாரின் அம்மா. நேற்று முதல் காய்ச்சல், இன்றும் நாளையும் வரமாட்டாள். வீட்டுப்பாடம் இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்." பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. குரல் பதிவு அனுப்பலாம், எழுத வராதவர்களுக்கு அது நல்ல வழி, முப்பது விநாடிக்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

4. வீட்டில் தினமும் பத்து நிமிடம்

இது பள்ளிக்குப் போகாமலே செய்கிற பங்கு, உண்மையில் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய பங்கு. "எனக்கே படிப்பு வராது, நான் எங்கே சொல்லிக்கொடுக்க" என்று விலகிப்போகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். இன்றைய தேதி இருக்கிறதா, டீச்சரின் சிவப்பு மை இருக்கிறதா, எழுத்து பாதியில் நின்றிருக்கிறதா என்று பார்க்கப் படிப்பு தேவையில்லை. அப்புறம் பிள்ளையை ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பீடி சுற்றிக்கொண்டே, இலை நறுக்கிக்கொண்டே கேளுங்கள். தடுக்குகிற இடம் காதுக்குத் தெரிந்துவிடும்.

"இன்னைக்கு என்ன நடத்தினாங்க" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்றுதான் வரும். "இன்னைக்கு எந்தக் கணக்கு கஷ்டமா இருந்தது", "யார் பக்கத்துல உக்காந்த", "மத்தியானம் முட்டை சாப்பிட்டியா" என்று குறிப்பாகக் கேளுங்கள். முட்டையில் தொடங்கிக் கணக்கில் போய் முடியும்.

இந்தப் பத்து நிமிடத்தில் கண்டதைத்தான் அடுத்த கட்டத்தில் டீச்சரிடம் எடுத்துப்போகப் போகிறீர்கள், அதனால்தான் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு முன்னால் இதை வைத்திருக்கிறேன்.

5. பேரன்ட்ஸ் மீட்டிங்: வெறுங்கையோடு போகாதீர்கள்

முதலில் ஒன்று. பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது டீச்சர் நமக்குச் செய்கிற சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும்போது, பெற்றோரோடு தொடர்ந்து கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிப்பதையும் ஒரு கடமையாக எழுதியிருக்கிறது. ஆகவே தயங்காமல் போகலாம். இதைச் சொல்லி மிரட்ட வேண்டாம், உங்கள் கூச்சம் போகத்தான் சொல்கிறேன்.

போகும் முன் நோட்டில் மூன்று கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம், பின்னால் நாற்பது பேர் நிற்பார்கள். நான் கேட்டுப் பார்த்ததில் நல்ல பதில் வந்த கேள்விகள் இவை:

"இந்த வகுப்பு முடியும்போது அவளுக்கு என்னென்ன வந்திருக்கணும், அதுல எது இன்னும் வரலை?"

"வகுப்புல வாய் திறந்து கேள்வி கேக்குறாளா?"

"வீட்டுல நான் ஒரே ஒரு விஷயம் செய்யணும்னா என்ன செய்யட்டும்?"

மூன்றாவது கேள்விதான் உயிர். டீச்சர் ஒரு நிமிடம் யோசித்து, "தினமும் பத்து வார்த்தை சொல்வதெழுதுதல் குடுங்கம்மா" என்பது மாதிரி ஏதாவது சொல்வார். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, ஒரு மாதம் செய்து, அடுத்த தடவை "நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன் டீச்சர், இப்ப இவ்வளவு வருது" என்று நோட்டைக் காட்டிப் பாருங்கள். அதற்கப்புறம் அந்த டீச்சர் உங்கள் பிள்ளையைப் பார்க்கிற விதமே வேறாகிவிடும், நான் கண்ணால் பார்த்தது.

செய்யக்கூடாதவை: மதிப்பெண்ணை மட்டும் பேசுவது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது, எல்லார் முன்னாலும் பிள்ளையின் தலையில் குட்டுவது. கடைசியாகச் சொன்னது ஒவ்வொரு கூட்டத்திலும் நடக்கிறது.

வர முடியாவிட்டால் வேறு நேரம் கேளுங்கள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறி இரவு ஏழுக்கு இறங்குகிற அம்மாக்களுக்காக எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் ஞாயிறு காலை போனில் பேசினார். கேட்டதால்தான் கிடைத்தது. ஆயாவோ சித்தியோ போவதானால், எழுதிய கேள்வித்தாளை அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.

கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது டீச்சர்களிடம் ஊர் நாள்காட்டியைச் சொல்வது நம் வேலை. பொங்கலுக்குப் பிறகு ஊருக்கு ஊர் எருது விடும் விழா நடக்கிற நாட்களில் கூட்டம் வைத்தால் நாற்காலிகள்தான் வந்து உட்காரும். வெளியூரிலிருந்து வருகிற டீச்சருக்கு எந்த ஊரில் என்றைக்கு விழா என்பது எப்படித் தெரியும்?

6. குறை சொல்ல வேண்டிவந்தால்

இப்போதுதான் இந்தக் கட்டம். மேலே ஐந்தையும் செய்தவர்களுக்கு இது பாதி தேவைப்படாது.

முதலில் ஒரு இரவு ஆறப்போடுங்கள். பிள்ளை சொன்னதை நம்புங்கள், ஆனால் முழுக் கதையும் அதுவே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாள் டீச்சரிடம் கேள்வியாகத் தொடங்குங்கள்: "டீச்சர், வீட்டுல வந்து இப்படிச் சொல்றா, என்ன நடந்ததுன்னு உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன்." அன்றைக்கு நான் இப்படித் தொடங்கியிருந்தால் ஒரு வருடம் வீணாகியிருக்காது.

தீரவில்லை என்றால் தலைமை ஆசிரியர். அப்புறம் மேலாண்மைக் குழு. அதற்கும் மேலே, தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர். அதற்கும் மேல் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வி உதவி எண் 14417க்குப் போன் போட்டும் கேட்கலாம். ஒவ்வொரு படியிலும் எழுத்தில் கொடுங்கள், தேதியோடு, நகல் உங்கள் நோட்டுக்குள் இருக்கட்டும். வாய்ச்சொல்லுக்கு அடுத்த படியில் மதிப்பில்லை.

இங்கே நடக்கிற தப்பு இரண்டு. ஒன்று, குழாய் உடைந்திருக்கிறது என்பதற்காகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு சத்துவாச்சாரிக்கு, கலெக்டர் ஆபீசுக்கே போய்விடுவது. மனு சுற்றிச் சுற்றிக் கடைசியில் அதே தலைமை ஆசிரியர் மேஜைக்குத்தான் வரும், இப்போது அவர் கோபத்தோடு இருப்பார். இன்னொன்று மொட்டைக் கடிதம். யார் எழுதியது என்று ஊரே கண்டுபிடித்துவிடும், எழுதாதவர்கள் பெயரும் சேர்ந்து கெடும்.

வரிசையெல்லாம் பார்க்கக்கூடாத இடமும் உண்டு. பிள்ளைக்குக் காயம் வரும்படி அடித்தால், சாதியைச் சொல்லி அவமானப்படுத்தினால், கழிவறை கழுவவைத்தால், தொடக்கூடாத விதமாக யாராவது தொட்டால், படி ஏறிக்கொண்டிருக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, போலீஸ், அன்றைக்கே. பாலியல் குற்றமாக இருந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அது தனிக் குற்றம், தலைமை ஆசிரியரானாலும் சரி. "பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுப்போகும், பெரியவங்க உக்காந்து பேசி முடிச்சிக்கலாம்" என்று யார் வந்தாலும் கேட்காதீர்கள். பிள்ளையை உட்காரவைத்து ஆளுக்கொரு தரம் விசாரிக்கவும் வேண்டாம், ஒரு தடவை கேட்டு நம்பினால் போதும்.

7. மேலாண்மைக் குழு: கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, பள்ளி மேலாண்மைக் குழு வேறு. இரண்டாவது கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வருவது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். 2022இல் எங்கள் குழுவில் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு அம்மா. 2024இல் மறுபடி புதுக் குழு அமைத்தார்கள். குழுவின் வேலை பள்ளி நடப்பதைக் கவனிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது.

இதை ஏன் ஏழாவதாக வைத்தேன்? டீச்சரைத் தெரியாமல், வகுப்பைத் தெரியாமல் நேரே குழுவுக்கு வருகிறவர்கள் அதை ஒரு பதவியாக நினைத்துவிடுகிறார்கள். தலைவர் அம்மா ஓரமாக உட்கார்ந்திருக்க, அவர் வீட்டுக்காரர் கூட்டம் நடத்துவதையும் பார்த்தோம். அப்படி நடந்தால் தலைமை ஆசிரியரே, "அண்ணா, நீங்க வெளிய இருங்க, அக்கா பேசட்டும்" என்று சொல்லலாம், எங்கள் பள்ளியில் சொன்னார், வீட்டுக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார்.

உறுப்பினரானதும் முதல் கூட்டத்தில் தீர்மானப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பழைய பக்கங்களைப் படியுங்கள். போன வருடம் என்ன கேட்டார்கள், எது நடந்தது, எது அப்படியே கிடக்கிறது என்று அதிலேயே தெரியும். பிறகு வருகிற மானியம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிமுறைப்படி பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் பள்ளி மானியம்: 31 முதல் 100 பேர் என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய் வரை, 101 முதல் 250 பேர் என்றால் 50,000 ரூபாய் வரை. அதில் குறைந்தது பத்து சதவீதம் சுகாதாரத்துக்குப் போக வேண்டும். இது தெரிந்தால் "பினாயில் வாங்கக் காசில்லை" என்ற பேச்சுக்கு என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். கணக்குக் கேட்பதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம், "எங்களுக்கும் சொல்லிக்குடுங்க சார், அடுத்த தடவை நாங்களே எழுதுறோம்" என்று கேட்டால் நேர்மையான தலைமை ஆசிரியருக்கு நிம்மதிதான், பாரம் குறைகிறதல்லவா.

தீர்மானம் எழுதும்போது "கழிவறை சீர்செய்யப்பட வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது" என்று முடிக்காதீர்கள். யார், எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில் என்ற மூன்றும் இல்லாத தீர்மானம் அடுத்த வருடமும் அதே பக்கத்தில் அப்படியே இருக்கும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், "அப்புறமா எழுதிக்குறேம்மா" என்று யார் சொன்னாலும்.

பள்ளிக்குள் முடியாதவை, அதாவது சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, பள்ளி முன்னால் தேங்குகிற சாக்கடை மாதிரியானவை, ஊராட்சியின் கையில் இருக்கும். குழுவின் தீர்மான நகலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு. தனி ஆளாகப் பேசினால் காற்றோடு போகும், பத்து அம்மாக்கள் சேர்ந்து போய்த் தீர்மான நகலை நீட்டினால் எழுதிக்கொள்வார்கள். நகராட்சிப் பள்ளி என்றால் வார்டு உறுப்பினரைப் பிடிக்க வேண்டும்.

8. உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் மிஷன் பள்ளிகளும் முஸ்லிம் அமைப்புகள் நடத்தும் பள்ளிகளும் நிறைய, அவற்றில் பல உதவிபெறும் பள்ளிகள். அங்கேயும் மேலாண்மைக் குழு உண்டு, ஆனால் ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். முடிவு நிர்வாகத்தின் கையில். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு மேலாண்மைக் குழு பற்றிய அந்த 21ஆம் பிரிவே பொருந்தாது.

ஆக, தனியாரில் ஒன்று முதல் ஐந்து வரையான கட்டங்கள்தான் உங்கள் பலம். அங்கே மிஸ்ஸை நேரில் பார்க்க விடாமல் வாட்ச்மேனோடு நிறுத்தினால் டைரியில் எழுதி நேரம் கேளுங்கள். கட்டணம் கூடுதலாகத் தோன்றினால், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு எவ்வளவு குறித்திருக்கிறது என்று கேட்கலாம். ரசீது இல்லாமல் எதுவும் கட்டாதீர்கள்.

9. மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒருவரே எல்லாவற்றுக்கும் போனால் "அந்தக்காவுக்கு வேற வேலை இல்ல" என்று ஆகிவிடும், நீங்களும் களைத்துப்போவீர்கள். தெருவுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் மாலையில் ஐந்து நிமிடம் நின்றால் இருபது அம்மாக்களைப் பார்த்துவிடலாம், வீடு வீடாக ஏற வேண்டாம். எழுத வராதவர்களுக்கும், தமிழ் சரளமாக வராதவர்களுக்கும் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு டீச்சர் போவதற்கு முன்னால் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் போனால், வேலைக்கு அனுப்பிவிட்டார்களா, கல்யாணப் பேச்சா, சும்மா காய்ச்சலா என்பது உடனே தெரிந்துவிடும்.

10. ஏப்ரலில்: அடுத்த டீச்சருக்கு ஒரு தாள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வகுப்பு டீச்சரைப் பார்த்து, "அடுத்த வருஷ டீச்சருக்கு இவளைப் பத்தி என்ன சொல்லணும்" என்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எது நன்றாக வருகிறது, எதில் தடுமாற்றம், எப்படிச் சொன்னால் கேட்கிறாள், எந்த இடத்தில் உட்காரவைத்தால் கவனிக்கிறாள். டீச்சர் மாறுதலில் போய்விட்டால் இந்த விவரமும் அவரோடு போய்விடும், மே மாதத்தில் யாரைக் கேட்பது? எமிஸில் மதிப்பெண் இருக்கும், இதெல்லாம் இருக்காது.

இரண்டு நகல் எடுத்து ஒன்றை உங்கள் நோட்டுக்குள் வையுங்கள். இன்னொன்று ஜூனில் புது டீச்சருக்கு. மூன்றாம் வாரம், மாலையில், அவர் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். பிரேயர் நேரத்தில் மட்டும் வேண்டாம்.